கருந்துளைக்குப் பிறப்புக் கதை உண்டு

2024ஆம் ஆண்டின் முதல் நாள் காலை 9.10 மணிக்கு, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட் கிளம்பியது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்துக்கு இது புதுக் காட்சி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஆரம்பாக்கம் பக்கத்து விவசாயிகளும் வானத்தில் நீளும் அந்த வெண்புகைக் கோட்டைப் பார்த்துப் பழகியவர்கள். பழவேற்காட்டு மீனவர்களுக்கு ராக்கெட் நாள் என்றால் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு. அன்று மேலே போன எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் புயலைப் படமெடுக்கவோ டி.வி. சேனல்களைக் கொண்டுவரவோ போனதல்ல. 469 கிலோ எடையுள்ள அது கருந்துளைகளிலிருந்தும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்தும் வரும் எக்ஸ் கதிர்களை அளக்கப் போனது. அதற்கு முன்பே, 2015 செப்டம்பர் 28 அன்று, இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட்டும் கருந்துளைகளைப் பார்த்தது. ஆனால் கருந்துளையோடு சேர்த்தே பேசப்படும் புழுத்துளையை, அதாவது வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் சுரங்கத்தை, ஆராய்வதற்கென்று இதுவரை எந்த நாடும் ஒரு செயற்கைக்கோளை அனுப்பியதில்லை. பணப் பற்றாக்குறை இதற்குக் காரணம் இல்லை. கருவியை வானத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல ஒரு முகவரிகூட இல்லை.

ஆனால் பொதுப் பேச்சில் இரண்டும் அண்ணன் தம்பிபோலத்தான் உலவுகின்றன. 2014இல் வந்த இன்டர்ஸ்டெல்லார் படத்தில் சனிக் கோளுக்குப் பக்கத்தில் ஒரு புழுத்துளை, அதைத் தாண்டினால் ஒரு பெரிய கருந்துளை. இரண்டும் ஒரே திரையில், ஒரே அளவு தெளிவோடு, ஒரே இயற்பியலாளரின் ஆலோசனையில் வரையப்பட்டவை. பார்த்தவர்கள் இரண்டும் ஒரே அளவு உண்மை என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்று அடியில்லாப் பள்ளம், மற்றது இரு வாய் உள்ள சுரங்கம் என்ற விளக்கமும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது தவறல்ல. ஆனால் அது உருவத்தைப் பற்றிய வேறுபாடு மட்டும். இரண்டையும் பிரிக்கும் உண்மையான கோடு வேறு இடத்தில் ஓடுகிறது: ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று நம்மால் சொல்ல முடியும், மற்றதற்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

ஐன்ஸ்டீன் 1915 நவம்பரில் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின் சமன்பாட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் பொருளும் ஆற்றலும். மறுபக்கத்தில் காலமும் வெளியும் எப்படி வளைகின்றன என்ற கணக்கு. வழக்கமாக முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள்: இங்கே இவ்வளவு நிறை இருக்கிறது, அது வெளியை எப்படி வளைக்கும்? சூரியன், பூமி, இரட்டை விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் இந்த வழிதான். ஆனால் கணிதத்துக்கு ஒருவழிப் பாதை என்று ஒன்று கிடையாது. இன்ன மாதிரி வளைந்த வெளி வேண்டும் என்று முதலில் வரைந்துகொண்டு, அதற்கு என்ன பொருள் தேவை என்று அதே சமன்பாட்டைக் கேட்கலாம். மறுக்காமல் பதில் சொல்லும். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் சொல்லிவிடும் என்பதுதான் சிக்கல். கும்மிடிப்பூண்டியில் வார்ப்படம் செய்யும் ஒரு பட்டறைக்கு டிராயிங் வருகிறது என்று வையுங்கள். அளவு, வளைவு, துளை எல்லாம் பிழையில்லாமல் இருக்கின்றன. ஆனால் மெட்டீரியல் என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் உலோகம் எந்தக் கடையிலும் கிடைக்காதது, உலகில் எங்காவது இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாதது. டிராயிங்கில் தப்பில்லை, ஜாப் மட்டும் நடக்காது. புழுத்துளை இன்று இந்த நிலையில் இருக்கிறது. கருந்துளைக்கு வேண்டிய பொருளோ வானம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது.

அந்தப் பொருள் விண்மீன்தான். எந்த விண்மீனும் தன் எடையாலேயே உள்ளே அமுங்கப் பார்க்கிறது. நடுவில் அணுக்கருக்கள் இணையும்போது வெளிப்படும் வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் ஹீலியம் ஆகிறது, ஹீலியம் கார்பன் ஆகிறது. சூரியனைவிட எட்டுப் பத்து மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்களில் இந்தத் தொடர் இரும்பு வரை போய் நிற்கிறது. இரும்பின் அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் வராது, உள்ளதும் செலவாகும். (கும்மிடிப்பூண்டி உலைகளில் உருகும் பழைய இரும்பு அத்தனையும் என்றோ செத்துப்போன விண்மீன்களில் உண்டான சரக்கு.) தாங்கிய வெப்பம் போனதும் நடுப்பகுதி சரிகிறது. சரிவு எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு முதல் வரம்பைக் கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அவர் போட்ட கணக்கு, வெண்குள்ளன் என்ற எரிந்து முடிந்த விண்மீனால் ஓர் அளவுக்கு மேல் தன் எடையைத் தாங்க முடியாது என்று காட்டியது. இன்று அந்த வரம்பைச் சூரிய நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று சொல்கிறோம். அதைத் தாண்டினால் நியூட்ரான் விண்மீன் ஆகலாம். அதற்கும் சூரிய நிறையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே ஒரு வரம்பு உண்டு. அதையும் தாண்டிய சரிவைத் தடுக்க, நாம் அறிந்த விசை எதுவும் இல்லை. 1939இல் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் அந்தச் சரிவை முழுக்கக் கணக்கிட்டார்கள். ஒளிகூட வெளியே வர முடியாத எல்லைக்குள் விண்மீன் மறைந்துபோவதே விடை.

அந்த எல்லையைத்தான் நிகழ்வு எல்லை என்கிறோம். அதன் அளவு நிறையைப் பொறுத்தது. சூரியன் கருந்துளையாக வேண்டுமானால் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுங்க வேண்டும், பூமி என்றால் 9 மில்லிமீட்டர். அக்கம்பக்கத்தை எல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் அரக்கன் என்று யூடியூப் தலைப்புகள் மிரட்டுவதில் பொருளில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை வந்து உட்கார்ந்தால் பூமி இருட்டில் உறைந்துபோகும், ஆனால் இதே பாதையில் இதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அருகில் போனால்தான் ஆபத்து.

கணக்கு இருக்கட்டும், பார்த்தது என்ன என்று கேட்பவருக்குக் காட்ட இன்று நிறைய உண்டு. அன்னம் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 7,200 ஒளியாண்டு தொலைவில், சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கிறது. 1964இல் ஒரு சிறு ராக்கெட் மேலே போய் அங்கிருந்து வரும் எக்ஸ் கதிரைக் கண்டது. பெரிய நீல விண்மீன் ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் தெரியாத அந்தப் பொருளின் நிறை சூரியனைப்போல 21 மடங்கு. நியூட்ரான் விண்மீனின் வரம்பைப் பல மடங்கு தாண்டிய நிறை. அதன் நிகழ்வு எல்லையின் ஆரம் அதிகபட்சம் 60 கிலோமீட்டரை ஒட்டியது, சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டைக்குப் போகும் ரயில் தூரத்தைவிடக் குறைவு. நீல விண்மீனிலிருந்து இழுபடும் வாயு உள்ளே விழுமுன் சுழன்று கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிர் விடுகிறது. எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால் மேலே போய்த்தான் அளக்க வேண்டும். எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவி அளப்பது அந்தக் கதிரின் தளவிளைவை, அதாவது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை. சூடான வாயுவில் பட்டுச் சிதறி வரும் கதிரின் அதிர்வு ஒரு திசைப் பக்கம் சாயும். அந்தச் சாய்விலிருந்து, எந்தத் தொலைநோக்கியாலும் தனியே பிரித்துப் பார்க்க முடியாத வாயுத் திரளின் வடிவத்தை ஊகிக்கலாம். 2022இல் அமெரிக்க, இத்தாலியச் செயற்கைக்கோளான ஐ.எக்ஸ்.பி.இ. சிக்னஸ் எக்ஸ்-1இன் கதிரில் 4 சதவீதத் தளவிளைவைக் கண்டது. சூடான வாயு சுழலும் தட்டின் தளத்திலேயே பரவிக் கிடக்கிறது, மேலும் கீழும் பீய்ச்சும் தாரை வழியே அடுக்கப்பட்டிருக்கவில்லை என்பது அதன் பொருள். இப்படி ஒரு பொருளைப் பற்றி, அதன் ஓரத்து வாயு எப்படிப் பரவியிருக்கிறது என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

மற்ற சாட்சிகள் இதைவிடப் பிரபலம். நம் பால்வீதியின் நடுவே எஸ்-2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வெற்றிடத்தைச் சுற்றுகிறது. அந்த வெற்றிடத்தின் நிறை சூரியனைப்போல 40 லட்சம் மடங்குக்கும் மேல். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலையைப் பிடித்தன. 2019 ஏப்ரலில் எம்-87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் வெளியானது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த வழிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இனிப் புழுத்துளை. அதன் வரலாறு கருந்துளையின் வரலாற்றுக்கு இளையதல்ல. கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் ஐன்ஸ்டீன் சமன்பாட்டுக்குக் கண்டு 1916இல் வெளியிட்ட விடையில்தான் இரண்டுக்கும் வேர். அதே ஆண்டிலேயே லுட்விக் ஃபிளாம் அந்த விடையின் வடிவத்தை ஆராய்ந்தார். 1935இல் ஐன்ஸ்டீனும் நேதன் ரோசனும் அதில் இரண்டு வெளிகளை இணைக்கும் ஒரு பாலம் இருப்பதைக் காட்டினார்கள். 1957இல் ஜான் வீலரும் சார்லஸ் மிஸ்னரும் அதற்கு வார்ம்ஹோல் என்று பெயர் வைத்தார்கள். கருந்துளைக்குள் விழுந்தால் மறுபுறம் வேறொரு பிரபஞ்சத்தில் வெளியே வரலாம் என்ற பரவலான நம்பிக்கைக்கு மூலம் இந்தப் பாலம்தான். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். 1962இல் வீலரும் ராபர்ட் ஃபுல்லரும் கணக்கிட்டபோது, அந்தப் பாலம் ஒளிகூடக் கடக்க நேரமில்லாத வேகத்தில் நடுவே ஒடுங்கி அறுந்துவிடும் என்று தெரிந்தது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. ஷ்வார்ட்ஷில்டின் விடையை முழுசாக எடுத்துக்கொண்டால் அது என்றென்றும் இருந்துவந்த, பொருளே இல்லாத வெற்று வெளியின் படம். விண்மீன் சரிந்து உண்டாகும் கருந்துளையின் படத்தில் அந்த விடையின் ஒரு பகுதிதான் பொருந்தும். பாலமும் மறுகரையும் இருக்க வேண்டிய இடத்தை அங்கே சரிந்த விண்மீனின் உடல் அடைத்துக்கொள்கிறது. பிறப்பு இருப்பதாலேயே கருந்துளைக்கு மறுவாசல் இல்லை. ஆகவே வானத்தில் நாம் காணும் கருந்துளைகள் புழுத்துளைகளின் வாசல்கள் என்ற எண்ணம், அவை எப்படி உண்டாயின என்று கேட்டவுடனேயே விழுந்துவிடுகிறது.

கடந்து போகக்கூடிய புழுத்துளை என்ற யோசனை தீவிரமாக எழுந்த விதமும் இதைத்தான் காட்டுகிறது. கார்ல் சேகன் தன் கான்டாக்ட் நாவலுக்காகக் கதாநாயகியைத் தொலைதூரத்துக்கு அனுப்ப வழி கேட்க, கிப் தோர்ன் அதற்கு ஒரு வழி யோசித்தார். அந்த யோசனை பின்னர் வளர்ந்து, 1988இல் தன் மாணவர் மைக்கேல் மோரிஸுடன் தோர்ன் வெளியிட்ட கட்டுரையானது. அவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் தலைகீழ் வழியில்தான் போனார்கள். மனிதர் போய்வரத்தக்க சுரங்கத்தை முதலில் வரைந்துகொண்டார்கள், பிறகு அதற்கு என்ன பொருள் வேண்டும் என்று கேட்டார்கள். வெற்று வெளியைவிடவும் குறைந்த, எதிர்ம ஆற்றல் உள்ள பொருள் வேண்டும் என்பது கிடைத்த பதில். இது ஏன் தவிர்க்க முடியாதது என்று புரிந்துகொள்ள ஓர் இந்தியரின் சமன்பாடு போதும். கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955இல் கண்ட அந்தச் சமன்பாட்டின்படி, சாதாரணப் பொருளின் ஈர்ப்பு ஒளிக்கதிர்களை ஒன்றையொன்று நோக்கிக் குவிக்கவே செய்யும். புழுத்துளையின் கழுத்துக்குள் குவிந்து நுழையும் கதிர்கள் மறுபக்கம் விரிந்து வெளியேற வேண்டும். சாதாரணப் பொருள் அதைச் செய்யாது, விலக்கித் தள்ளும் வேறொன்று வேண்டும். 1965இல் ரோஜர் பென்ரோஸ், சரியும் பொருள் முடிவில் கணக்கே உடைந்துபோகும் நிலையை அடைந்தே தீரும் என்று நிறுவியபோது (2020இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்) கைக்கொண்டதும் இந்தக் குவிதலையே. ஒரே சமன்பாடு கருந்துளைக்குச் சாட்சியாகவும் புழுத்துளைக்குத் தடையாகவும் நிற்கிறது.

எதிர்ம ஆற்றல் ஆய்வகத்தில் உண்டே என்ற மறுப்பு இங்கே வரும். நியாயமான மறுப்புதான். 1948இல் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தபடி, மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அந்த விளைவு இருக்கிறது. 1997இல் அதன் விசை நல்ல துல்லியத்தோடு அளக்கவும்பட்டது. ஆனால் அளவு? ஒரு மீட்டர் வாயுள்ள புழுத்துளையைத் திறந்து வைக்கக் கிட்டத்தட்ட வியாழன் கோளின் நிறைக்கு ஈடான எதிர்ம ஆற்றல் வேண்டும் என்கிறது கணக்கு. தகடுகளுக்கு நடுவே இருப்பதோ உணர்வதற்கே நுண்கருவி கேட்கும் துளி. மேலும் எதிர்ம ஆற்றல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைந்த நேரமே நீடிக்கும் என்று குவாண்டம் கோட்பாடே கட்டுப்பாடு வைப்பதை லாரி ஃபோர்டும் தாமஸ் ரோமனும் 1990களில் காட்டினார்கள். துளி இருக்கிறது என்பதால் கடல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று நம் ஊர் வரலாற்றிலிருந்தே எழுகிறது. சந்திரசேகரை 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் கேலி செய்தார், விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஏதோ விதி இருந்தாக வேண்டும் என்றார். ஐன்ஸ்டீனே 1939இல் கருந்துளை போன்ற பொருள்கள் இயற்கையில் உருவாகா என்று கட்டுரை எழுதினார். பிறகு சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு வந்தது. அன்று கருந்துளையைப் பார்த்துச் சிரித்தவர்கள் தோற்றார்களே, இன்று புழுத்துளையைச் சந்தேகிப்பவர்களும் தோற்க மாட்டார்களா? இரண்டு சந்தேகங்களும் ஒரே ரகம் அல்ல என்பதுதான் பதில். சந்திரசேகர் வைத்தது தெரிந்த பொருள், தெரிந்த விதிகள், அவற்றிலிருந்து தவிர்க்க முடியாமல் வரும் முடிவு. எடிங்டனுக்கு முடிவு பிடிக்கவில்லை, அதைத் தடுக்க ஒரு புதிய விதியைத் தேடினார். புழுத்துளையில் நிலை தலைகீழ். முடிவு எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அதைக் கொண்டுவரத்தான் புதிய பொருளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பீட்டில் எடிங்டனின் இடத்தில் நிற்பவர் சந்தேகிப்பவர் அல்ல, நம்புகிறவர். புழுத்துளை முடியவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. இதுவரை யாரும் அப்படி நிறுவவும் இல்லை.

கடைசி மறுப்புதான் எனக்கு மதிக்கத்தக்கதாகப் படுகிறது: நிகழ்வு எல்லைக்குள் யாரும் பார்த்ததில்லை, ஆகவே கருந்துளை என்று நாம் அழைப்பவற்றில் சில மாறுவேடமிட்ட புழுத்துளைகளாக இருக்கலாமே? நிழற்படம் மட்டும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் தக்க அளவுள்ள புழுத்துளையும் அதேபோன்ற நிழலைத் தரலாம். ஆனால் இந்த மறுப்புக்கு ஒரு நல்ல குணம், அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2019இல் இரு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: பால்வீதியின் நடுவில் இருப்பது புழுத்துளையானால் மறுபுறத்து விண்மீன்களின் ஈர்ப்பு இந்தப் பக்கமும் கசிந்து எஸ்-2இன் பாதையைச் சற்றுப் பிறழச் செய்யும், துல்லியமாக அளந்தால் தெரியும். இன்னொரு வழி ஈர்ப்பலை. தட்டப்பட்ட கருந்துளை குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்ந்து வேகமாக அடங்கும் என்று 1970இல் காட்டியவர் பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா. கருந்துளையின் நிகழ்வு எல்லை உள்ளே போன அலையைத் திருப்பித் தராது. புழுத்துளைக்கு அந்த எல்லை இல்லை. எனவே தொடக்கத்தில் கருந்துளையைப் போலவே அதிர்ந்தாலும், உள்ளே போன அலை மோதித் திரும்பிச் சிறிது நேரம் கழித்து எதிரொலியாக வெளியே வரும் என்று 2016இல் ஒரு குழு கணித்தது. லைகோ பதிவுகளில் பலர் தேடினார்கள். உறுதியான எதிரொலி எதுவும் அகப்படவில்லை. 2025 ஜனவரி 14 அன்று பதிவான, இதுவரை கிடைத்தவற்றில் மிகத் தெளிவான மோதலிலும் அடங்கும் அதிர்வு சுழலும் கருந்துளைக்கு உரிய கணக்கோடு ஒத்துப்போனது.

வானத்தை விட்டு ஆய்வகத்துக்கு வந்தால், 2022 நவம்பரில் குவாண்டம் கணினியில் புழுத்துளை உருவாக்கியதாக வந்த செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். கூகுளின் கணினியில் ஒன்பது க்யூபிட்டுகளைக் கொண்டு ஒரு சமன்பாட்டின் நடத்தையைப் போலச் செய்து பார்த்தார்கள். வெளியில் எந்தத் துளையும் விழவில்லை. போலச் செய்ததுகூடச் சரியா என்று மற்ற இயற்பியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

ஈர்ப்பலைகளில் நடக்கும் எதிரொலித் தேடலில் இந்தியாவுக்கும் பங்கு வரப்போகிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளோடு லைகோ-இந்தியா அமைய 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அமெரிக்காவின் இரண்டு லைகோ நிலையங்கள், இத்தாலியின் விர்கோ, ஜப்பானின் காக்ரா ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்து கேட்கும்போது, அலை வானத்தின் எந்த மூலையிலிருந்து வந்தது என்பது இன்னும் குறுகலாகத் தெரியும். எதிரொலி என்று சந்தேகப்படும் துடிப்பு ஒரு நிலையத்தின் இரைச்சலா, உண்மையான சைகையா என்று பிரித்துப் பார்க்கவும் இன்னொரு காது கிடைக்கும்.